தடிவாத்து உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை

கண்ணாடிக்காரரின் தொழில், அடுத்தவர்களைச் சின்ன எழுத்துப் படிக்க வைப்பது. பெரிய சாலையிலிருந்து திரும்பும் முதல் சந்தில், மருந்துக்கடைக்கும் சாவி வெட்டுகிறவர் கடைக்கும் நடுவே அவர் கடை. எழுத்துப் பலகையின் கடைசி வரியைக் காட்டி, "அது எழுத்தில்லைங்க, எறும்பு" என்று சாதிக்கிறவர்களையும் விடமாட்டார். வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, எறும்பை எழுத்தாக்கிவிட்டுத்தான் எழுந்திருக்க விடுவார். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மனிதர் பின்னால் வெட்கப்படப் போவது இந்த இடத்தில்தான்.

கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போனால் அவர் விமானம் கட்டுவார். பறக்கிற விமானம் இல்லை, சாவி கொடுத்தால் ஓடுகிறதும் இல்லை. பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்களில், கிளையில் தொங்கும் பிஞ்சுகளைப்போல, இருநூறு முந்நூறு துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி, உரசி, ஒட்டி, இடுக்குக்கு மாவு பூசி, வண்ணம் அடித்தால், நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவுக்கு ஒன்று மேசைமேல் நிற்கும். நின்றதும் அதை அழுக்காக்க ஆரம்பிப்பார். எஞ்சினுக்குப் பின்னால் புகை படிந்த கறுப்பு, சக்கரத்துக்குப் பக்கத்தில் சேறு, வயிற்றடியில் எண்ணெய் வழிந்த தடம். எல்லாம் மூன்று மயிர் மட்டும் உள்ள பிரஷ்ஷால்.

"சுவத்துல இருக்கிற அழுக்கை ஆறு மாசமா துடைக்கல. இதுக்கு அழுக்கு பூச மூணு வாரமா?" என்பார் மனைவி.

மனைவிக்கு, கண்ணாடிக்கடைக்கு அடுத்த மருந்துக்கடையில்தான் வேலை. வீட்டுக்கு வரும்போது ஊசியில்லாத சிரிஞ்சு, சின்னக் குப்பி, காது குடையும் பஞ்சுக் குச்சி என்று ஏதாவது கைப்பையில் வரும். பஞ்சுக் குச்சி வாரத்துக்கு ஒரு டப்பா தீர்ந்தது. ஒரு நாள் மருந்துக்கடை முதலாளி அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா நினைக்காதீங்கம்மா, உங்க வீட்டுக்காரருக்குக் காதுல ஏதாவது பெரிய பிரச்சினையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "காதுல இல்லைங்க, அதுக்குக் கொஞ்சம் மேல" என்று பதில் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. இடுக்கியிலிருந்து துண்டு ஏதாவது தெறித்துவிட்டால், கண்ணாடிக்காரர் "அசையாதே!" என்று கத்துவார். அவ்வளவுதான், யார் எங்கே எப்படி இருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும். தூக்கிய கால் தூக்கியபடி, சாய்த்த குடம் சாய்த்தபடி. அவர் நாலு காலில் தவழ்ந்து, தரையோடு கன்னம் வைத்துத் தேடிக் கண்டுபிடித்தபிறகுதான் வீடு மறுபடி ஓட ஆரம்பிக்கும். ஒரு தடவை மனைவி குடத்தைச் சாய்த்தபடி நின்று, டம்ளர் நிரம்பி, சமையலறை நிரம்பி, தேடின துண்டு தானாகவே மிதந்து வந்தது.

இதெல்லாம் சரி. அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை இருந்தது. அது அவருடைய மச்சான்.

மச்சான் என்றால், அவர் மனைவியின் அண்ணன். விமான நிலையத்தில் சரக்கு விமானப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாயிலிருந்து 'நல்லாருக்கு' என்ற சொல் வந்ததைக் கேட்டவர்கள் யாரும் இல்லை. எதைக் காட்டினாலும் கிட்டே போய்ப் பார்ப்பார், ஒரு "ம்" போடுவார், பிறகு ஒரு குறை சொல்வார். புது வீட்டுக்கு வந்தபோது, "ம். கதவு உள்பக்கமாத் திறக்குது" என்றார். கல்யாண ஆல்பத்தை விரித்தபோது, "ம். மாப்ளே கண்ணை மூடியிருக்கார்" என்றார். அவர் மூக்கின்மேல் இருக்கும் கண்ணாடியே கண்ணாடிக்காரர் செய்து கொடுத்ததுதான். ஆறு தடவை சரிபண்ணியும், "ம். இடது பக்கம் லேசா உறுத்துது."

குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். கண்ணாடிக்காரர் இருபத்தாறு வருஷமாகக் குட்டு மட்டுமே வாங்கியவர். ஒரே ஒரு தடவை, செத்துப்போவதற்குள், அந்த வாயால் ஒரு 'நல்லாருக்கு' வாங்கிவிட வேண்டும். அதற்கு ஒரே வழிதான் அவருக்குத் தெரிந்தது. மச்சான் முப்பத்தோரு வருஷம் அடியில் படுத்துக் கழற்றி மாட்டிய அதே விமானத்தை, ஒரு ஆணி பிசகாமல் கட்டிக் காட்டுவது.

அது இரண்டு எஞ்சின் வைத்த சரக்கு விமானம். முன்னால் ஒரு சக்கரம், நடுவில் இரண்டு பக்கமும் சக்கரம், பெரிய வயிறு, பின்பக்கம் கீழே இறங்கித் திறக்கும் கதவு. மெக்கானிக்குகள் அதற்கு வைத்த பெயர் தடிவாத்து. பெட்டி வந்து சேர்ந்த நாளிலிருந்து பதினாலு மாதம் வேலை நடந்தது. கடையிலிருந்து கழித்துப் போட்ட காட்சி அலமாரிக் கண்ணாடியைத்தான் சாப்பாட்டு மேசைக்கு மேல்பலகையாகப் போட்டிருந்தார்கள். அந்த மேசையில் தடிவாத்து குடியேறியதும், புருஷன் மனைவி இரண்டு பேரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டார்கள்.

"உங்க வாத்து முட்டை போடுறதுக்குள்ள எனக்கு இடுப்பு போயிரும்" என்றார் மனைவி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சான் சாப்பிட வருவதாக இருந்தது. காலையில் கண்ணாடிக்காரர் கடைசி வேலையாகச் சக்கரங்களை ஒட்டி, பசை நன்றாக இறுகும்வரை இரண்டு மணி நேரம் பொறுத்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல விமானத்தை மேசைமேல் வைத்துக் கையை எடுத்தார்.

விமானம் ஒரு கணம் யோசித்தது. பிறகு மூக்கை மேலே தூக்கி, வாலைக் கீழே விட்டு, 'டொக்' என்று உட்கார்ந்துகொண்டது.

அவர் அதை நிமிர்த்தி வைத்தார். அது மறுபடி உட்கார்ந்தது. பிஸ்கட்டுக்குக் காத்திருக்கும் நாயைப்போல, முன்சக்கரத்தைக் காற்றில் தொங்கவிட்டுக்கொண்டு அவரையே பார்த்தது.

"அழகா உட்கார்ந்திருக்கே! இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார் மனைவி.

கண்ணாடிக்காரர் போனை எடுத்தார். விமானம் கட்டுகிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. மொத்தம் நாலு பேர். அதில் ஒருவர் பல் மருத்துவர்.

"டாக்டர், என் விமானம் உட்கார்ந்துடுச்சு."

"மூக்குல எவ்வளவு போட்டீங்க?"

"எதை?"

"எடையைத்தாங்க. ஈயக் குண்டு, ஆணி, ஏதாவது. இந்த மாதிரி விமானத்துக்கு வால் கனம். மூக்குக்குள்ள எடை வெச்சுத்தானே மூடணும்? நாலாவது படத்துல போட்டிருப்பானே."

கண்ணாடிக்காரர் சுவரைப் பார்த்தார். செய்முறைத் தாளை அங்கேதான் ஒட்டியிருந்தார். நாலாவது படத்தின் ஓரத்தில், தாளைப் பிடித்துக்கொள்ள அவரே ஒட்டிய மாஸ்கிங் டேப். அதை உரித்தார். உள்ளே சின்னதாக ஒரு எடைக்கல் படம். அதன்கீழே எறும்பு மாதிரி ஒரு எழுத்து: இருபது கிராம்.

"ஹலோ? மூடிட்டீங்களா?"

"மூடிப் பத்து மாசமாச்சு டாக்டர்."

"அடடா. பல்லா இருந்தா ஓட்டை போட்டு அடைச்சிருவேன்" என்றார் மருத்துவர், உண்மையான வருத்தத்துடன்.

ஊருக்கெல்லாம் கடைசி வரி படிக்கச் சொல்லிக் கொடுத்தவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். இப்போது வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவரும் விமானமும். மச்சான் வர முக்கால் மணி நேரம் இருந்தது.

"என்னங்க, இதுக்குப் போய் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு! முன்சக்கரத்தைக் கீழே ஒட்டிட்டா தீர்ந்துது" என்று, மனைவி இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை ஒரு கடுகளவு வெட்டிக் கொடுத்தார். ஒட்டினார்கள். விமானம் நின்றது. இரண்டு பேரும் மூச்சுவிடாமல் பின்னால் நகர்ந்தார்கள். வாசலில் மணி அடித்தது.

மச்சான் செருப்பைக் கழற்றும்போதே கண்டுபிடித்துவிட்டார். நேராக மேசைக்கு வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"தடிவாத்தா?"

"ஆமா மச்சான்."

"ம். கதவுக்குக் கீழ் ஓரம் பதினோரு ஆணி இருக்கணுமே."

"எண்ணிப் பாருங்க."

எண்ணினார். பதினொன்று இருந்தது. "ம்" என்றார். எஞ்சின் மூடியின் கொக்கியைப் பார்த்தார். "ம்." சக்கரக் குழிக்குள் எட்டிப் பார்த்தார். "ம்." இருபத்தாறு வருஷத்தில் தொடர்ந்து மூன்று 'ம்' குறையில்லாமல் வந்தது இதுதான் முதல் தடவை. மச்சான் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து டேப் பிடியை விட்டது. மெதுவாக, பெரியவர் வந்தால் எழுந்திருக்கிறவரைப்போல, விமானம் மூக்கை உயர்த்திற்று. உயர்த்திக்கொண்டே போய், வாலை ஊன்றி, 'டொக்'.

மச்சானின் முகம் வெளுத்தது. திறந்த வாய் மூடவில்லை. நாற்காலியைக் கையால் தடவித் தேடி உட்கார்ந்தார்.

"யாரு சொன்னது?" என்றார்.

"என்ன மச்சான்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க மாப்ளே. யாரு சொன்னது உங்களுக்கு? எங்க செக்ஷன் பெயிண்டரா? அவன்தான் சொல்லியிருப்பான். சத்தியம் பண்ணிக் கொடுத்தான் பாவி."

கண்ணாடிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவி அவர் காலை மிதித்தார். அண்ணனிடமிருந்து ஏதோ வெளியே வரப்போகிறது என்பது, கூடப் பிறந்தவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"நீயே சொல்லுண்ணா. அடுத்தவங்க சொல்றது சரியா தப்பான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? உன் வாயால வந்தாத்தானே நியாயம்" என்றார், முகத்தை மிகவும் சாதுவாக வைத்துக்கொண்டு.

"அது என் தப்பு இல்லம்மா!" என்றார் மச்சான். "சரி, என் தப்புதான். தடிவாத்துக்குப் பின்கதவு வழியா சரக்கு ஏத்துறப்போ வாலுக்கு அடியில ஒரு இரும்பு முட்டு நிறுத்தணும். இல்லேன்னா உட்கார்ந்துரும். அந்த முட்டு இத்தனூண்டு உயரம், மேல தட்டையா, ஸ்டூல் மாதிரி வசதியா இருக்கும். அன்னிக்குச் சாப்பிட உட்கார இடமில்ல. நான்தான் அதை எடுத்துட்டுப் போய் நிழல்ல போட்டு உட்கார்ந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஏத்த ஆரம்பிச்சிட்டாங்க. நூத்தி இருபது பெட்டி. எல்லாத்துலயும் கழிப்பறைப் பீங்கான்."

மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

"சிரிக்காதே. எண்பத்தாறாவது பெட்டி உள்ளே போச்சு. நான் கையில தட்டோட பார்க்கிறேன். வாத்து மெதுவா மூக்கைத் தூக்குது. இதோ, இப்ப இது எப்படித் தூக்குச்சோ அச்சா அப்படியே! மேல பைலட் பேப்பர் படிச்சிட்டிருந்தார். கண்ட்ரோல் ரூம்லருந்து அவரைக் கூப்பிட்டு, 'நீங்க கிளம்ப நாங்க இன்னும் அனுமதியே குடுக்கலையே'ன்னு கேட்டிருக்காங்க. பன்னெண்டு பேர் மூக்குல கயிறு கட்டித் தொங்கி இறக்கினோம். நான்தான் நுனியில தொங்கினேன்."

"அதுக்கு ஒண்ணும் பண்ணலையா உன்னை?"

மச்சான் தரையைப் பார்த்தார். "ஸ்டோர் ரூமுக்கு மாத்திட்டாங்க. ஆறு மாசம். ஸ்க்ரூ எண்ணுற வேலை."

"ஆறு மாசமா! அண்ணா, அது ஸ்பெஷல் ட்ரெய்னிங்னு தானே சொன்னே? அம்மா தெருத் தெருவா போய்ச் சொன்னாங்களே! எதிர்வீட்டுக்காரங்க அவங்க பையனைக் கூட்டிட்டு வந்து, உன்னை மாதிரி வரணும்னு உன் கால்ல விழ வெச்சாங்களே!"

"விழுந்தப்போ நான் என்ன பண்ண முடியும்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மச்சான் ஒரு முழு விமானத்தையே முப்பது வருஷம் மறைத்து வைத்திருந்தார்.

கண்ணாடிக்காரரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "மச்சான், எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. நான் மூக்குக்கு எடை வைக்க மறந்துட்டேன். அதான் உட்கார்ந்திருச்சு."

மச்சான் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "அப்போ உங்களுக்கு இந்த விஷயம் எதுவும் தெரியாதா?"

"இப்போ தெரியும்."

அதன்பிறகு மனைவியால் முந்தானையை நம்பிக்கொண்டிருக்க முடியவில்லை. சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து, மறுபடியும் விமானத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் ஓடினார்.

மச்சான் எழுந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார். மானம் போனால் போகட்டும், தடிவாத்து தன் கண்முன்னால் இரண்டாவது தடவை உட்கார்ந்திருக்க அவரால் பார்க்க முடியவில்லை.

"மூக்கைக் கழட்டுங்க மாப்ளே."

"ஐயோ மச்சான், ஒட்டினது!"

"மூக்கு உறை தனித் துண்டு. நிஜத்துலயும் தனித் துண்டுதான், எனக்குத் தெரியாதா? பிளேடைக் கொடுங்க. இல்ல, நீங்களே வெட்டுங்க. என் கை நடுங்கும்."

நூல் கனத்தில் பல் வைத்த குட்டி ரம்பத்தால், கண்ணாடிக்காரர் இருபது நிமிஷம் இழுத்தார். 'க்ளிக்' என்று மூக்கு கையோடு வந்தது. ஓரத்தில் நெல் நுனியளவு பெயிண்ட் உரிந்ததைப் பார்த்து அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க. எங்க வாத்துக்கும் அங்கதான் உரியும்" என்றார் மச்சான்.

இது பாராட்டில் சேருமா என்று கண்ணாடிக்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார். சேராது என்று முடிவு செய்தார்.

எடைக்கு ஈயம் வீட்டில் இல்லை. ஆனால் ஒரு ஜாம் பாட்டில் இருந்தது. அதில், பத்தொன்பது வருஷமாக மூக்குக் கண்ணாடிகளிலிருந்து கழற்றிப் போட்ட மரை தேய்ந்த பொடி ஸ்க்ரூக்கள், கடுகை எண்ணெயில் போட்டதுபோல மினுங்கிக்கொண்டிருந்தன. மனைவி அதைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்து, "இந்தா, உன் டிபார்ட்மென்ட்" என்றார்.

விமானத்தின் மூக்கிருந்த இடத்தில் மருந்து மடிக்கும் காகிதத்தைக் கூம்பாகச் சுற்றி ஒட்டி, சிட்டிகை சிட்டிகையாக ஸ்க்ரூவைப் போட்டார்கள். ரொம்ப நேரம் ஒன்றும் ஆகவில்லை. கடைசிச் சிட்டிகையில் தடிவாத்து முனகாமல் குனிந்து, முன்சக்கரத்தைக் கண்ணாடிமேல் வைத்தது.

"அப்படியே உறைக்குள்ள கொட்டிப் பசை விட்டுரலாமா?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"எத்தனைன்னு தெரியாமலா?" மச்சானுக்குக் கோபமே வந்துவிட்டது. காகிதத்தைத் தட்டில் கொட்டி, ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார். ஆறு மாதப் பயிற்சி வீண்போகவில்லை. கண் இமைக்காமல், நடுவில் தங்கை கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டு, எண்ணிக்கை பிசகாமல் முடித்தார். அறுநூற்றுப் பதினெட்டு. அதைச் செய்முறைத் தாளின் நாலாவது படத்துக்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதிவைக்கவும் சொன்னார்.

மூக்கு திரும்ப ஏறியது. மேசையில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. மூக்கின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், விமானத்தின் வேகத்தைக் கண்டுபிடிக்கிற சின்னக் குழாய். மயிரைவிடக் கொஞ்சம் தடிமன், இரண்டு மில்லிமீட்டர் நீளம்.

"இதை நான் ஒட்டுறேன். முப்பத்தோரு வருஷம் நான்தான் மாட்டினேன்" என்றார் மச்சான்.

"மச்சான், இடுக்கியை அழுத்திப் பிடிக்காதீங்க, அது..."

'டிக்.'

"அசையாதே!" என்று கண்ணாடிக்காரர் கத்தினார்.

சமையலறையிலிருந்து சாப்பாட்டுத் தட்டுடன் வந்துகொண்டிருந்த மனைவி, வலது காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார். வீட்டுச் சட்டம் தெரியாத மச்சான், குற்றவாளியைப்போல இரண்டு கையையும் தூக்கினார். பிறகு கண்ணாடிக்காரரைப் பார்த்து அவரும் முழங்காலை ஊன்றித் தவழ ஆரம்பித்தார். இரண்டு பேருமாக மேசைக்கடியில் புகுந்தார்கள். மச்சானுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. முனகிக்கொண்டே மல்லாந்து படுத்தார்.

படுத்தவர் மேலே பார்த்தார்.

மேசைப் பலகை கண்ணாடி. அவர் முகத்துக்கு நேர்மேலே தடிவாத்தின் வயிறு. முப்பத்தோரு வருஷம் அவர் தினமும் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான். விமானத்தை மேலிருந்து பார்க்கிறவர்கள் வேறு ஆட்கள். கண்ணாடிக்காரர் மூன்று வாரம் பூசிய அழுக்கு அங்கேதான் இருந்தது. எரிபொருள் மூடியிலிருந்து பின்னால் சரிந்து போகும் ஒழுக்கு. சக்கரக் கதவின் ஓரத்தில், கை வைத்துத் தள்ளித் தள்ளிப் படிந்த கறுப்பு. திறக்கிற தகட்டைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவர் சறுக்கிய மூன்று கீறல்.

"இந்தக் கீறல் என்னது?" என்றார் மச்சான் மெதுவாக.

"எந்த மெக்கானிக்குக்கும் அங்க கை சறுக்கியிருக்கும்னு தோணுச்சு மச்சான்."

"எனக்குத்தான் சறுக்கும். அந்த மூணாவது ஸ்க்ரூ சனியன்." கையை உயர்த்தி, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே அந்த இடத்தைத் தொட்டார். "ஒழுக்கு சரியா இந்தப் பக்கம்தான் சரியும். எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"போட்டோல பார்த்தேன்."

"ம்" என்றார். கண்ணாடிக்காரர் குறைக்காகக் காத்திருந்தார். குறை வரவில்லை.

"நல்லாருக்கு மாப்ளே" என்றார் மச்சான், வயிற்றைப் பார்த்தபடியே. "ரொம்ப நல்லாருக்கு."

கண்ணாடிக்காரர் முகத்தைத் திருப்பினார். திருப்பிய இடத்தில், மச்சானின் சட்டைக் காலர்மேல், இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், மயிரைவிடக் கொஞ்சம் தடிமனாக, அந்தக் குழாய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எனக்குக் கால் மரத்துப் போச்சு! கிடைச்சுதா இல்லையா?" என்று மேலேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

மச்சான் இன்னும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பின்கதவுக் கீலு இருக்கே..." என்று ஏதோ ஆரம்பித்தார். அது குறையாக இருக்காது என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது.

"இன்னும் இல்லம்மா" என்றார், காலரைப் பார்த்துக்கொண்டே. "கொஞ்சம் அப்படியே நில்லு."